தொடர்பியல் துறையில் ஆசிரியர் பின்புலம்: இல்லினாய்ஸ் ஆய்வு நிறுவனத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

தொடர்பியல் பிற துறைகளிலிருந்து வந்த அறிஞர்களால் உருவாக்கப்பட்ட கல்வித்துறை என்பதை அதன் வரலாற்றை எழுதியோர் பெருமிதத்துடன் குறிப்பிடுவது வழக்கம். எவரெட் ரோஜர்ஸ் 1994இல் வெளியிட்ட வரலாற்று நூல் இப்பார்வைக்கு முதன்மைச் சான்று. ஆசிரியரின் பட்டத்துறையை அவரது 'பின்புலம்' எனக் கொள்ளும் இவ்வரலாற்றுமுறை எவற்றை விளக்குகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்பதை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தொடர்பியல் ஆய்வு நிறுவனத்தின் ஆசிரியர்களைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. போர்க்கால அரசுப் பணி, புலம்பெயர்வு, நிர்வாக உறவுகள் ஆகியன பட்டத்துறைக்கு நிகராகவும் சில இடங்களில் அதனினும் மிகுதியாகவும் துறையின் உருவத்தைத் தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தொடர்பியல், ஆசிரியர் பின்புலம், வில்பர் ஷ்ராம், டல்லாஸ் ஸ்மைத், ஜேம்ஸ் கேரி, துறை வரலாறு

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத் துறையின் கையேட்டைப் புரட்டுபவர் முதலில் காண்பது ஆசிரியர் பெயர்களையும் அவற்றுக்கு எதிரே உள்ள பட்டங்களையுமே. வேதியியல் துறையிலோ தமிழ்த் துறையிலோ அப்பட்டியல் வியப்பைத் தருவதில்லை. வேதியியல் கற்பிப்பவர் வேதியியல் கற்றவர். தமிழ் கற்பிப்பவர் தமிழ் கற்றவர். தொடர்பியல் துறையின் பட்டியல் அவ்வாறன்று. அதில் இலக்கியம், சமூகவியல், உளவியல், பொருளியல், சட்டம் எனப் பல துறைப் பட்டங்கள் அருகருகே நிற்கும். செய்தித்தாள் அலுவலகத்திலிருந்தோ வானொலி நிலையத்திலிருந்தோ நேரே வந்தவரும் அவர்களிடையே இருப்பார். துறையின் பெயரே தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. தொடர்பியல், தகவல் தொடர்பியல், மக்கள் தொடர்பியல் என மூன்றும் வழங்குகின்றன. மூன்றாவதைக் கேட்பவருக்கு அரசு அலுவலகத்தின் மக்கள் தொடர்பு அலுவலரே நினைவுக்கு வருவதால், இக்கட்டுரை முதற்சொல்லையே ஆள்கிறது.

பின்புலங்களின் இக்கலவை ஒரு துறையின் வளமா, அதன் அடித்தளக் குறைபாடா? 1959இல் பெர்னார்ட் பெரல்சன் இரண்டாவது விடையின் பக்கம் நின்றார். 'பப்ளிக் ஒப்பீனியன் குவார்ட்டர்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரை, தொடர்பியல் ஆய்வு வாடிக்கொண்டிருக்கிறது என்று அறிவித்தது. ஹெரால்ட் லாஸ்வெல், பால் லாசர்ஸ்ஃபெல்ட், குர்த் லெவின், கார்ல் ஹோவ்லண்ட் ஆகிய நால்வரின் அணுகுமுறைகளே துறையின் பெரும் போக்குகள் என்றும், அவை தம் ஆற்றலை இழந்துவருகின்றன என்றும், அவற்றின் இடத்தை நிரப்ப நிகரான எதுவும் எழவில்லை என்றும் அவர் கருதினார். அதே இதழில் மறுப்பு எழுதியவர்களுள் ஷ்ராமும் ஒருவர். தொடர்பியல் பலரும் கடந்து செல்லும் ஒரு சந்தி என்பதை அவர் மறுக்கவில்லை. சந்தியாக இருப்பது இறந்துபோவது ஆகாது என்பதே அவரது மறுமொழியின் சாரம். பின்னாளில் பெரல்சன் சுட்டிய அந்நால்வரையே 'துறையின் தந்தையர்' என ஷ்ராம் நிலைநிறுத்தினார். இரங்கற்பா பாட எடுத்த பெயர்ப்பட்டியல் குலமுறை கிளத்தும் பட்டியலாயிற்று.

நால்வரும் அமர்ந்திராத நாற்காலி

நால்வரின் பின்புலங்கள் பாடநூல்களில் அடிக்கடி இடம்பெறுவன. லாஸ்வெல் சிகாகோவில் பயின்ற அரசியலறிஞர். லாசர்ஸ்ஃபெல்ட் வியன்னாவில் 1925இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். லெவினும் ஹோவ்லண்டும் உளவியலாளர்கள். பாடநூல்கள் வலியுறுத்தாத செய்தி ஒன்று உண்டு. இவர்களுள் ஒருவரும் தொடர்பியல் துறையொன்றின் ஆசிரியராகப் பணியாற்றியதில்லை. லாசர்ஸ்ஃபெல்ட் கொலம்பியாவின் சமூகவியல் துறையிலும், ஹோவ்லண்ட் யேலின் உளவியல் துறையிலும் இருந்தனர். லாஸ்வெல் யேல் சட்டப்பள்ளியில் கற்பித்தார். லெவின் அயோவாவின் குழந்தை நல ஆய்வு நிலையத்திலும் பின்னர் எம்.ஐ.டி.யிலும் பணிபுரிந்து 1947இல் மறைந்தார். ஆகவே இவர்கள் துறையை விட்டு நீங்கினர் எனும் வருத்தத்திற்கு இடமில்லை. நீங்குவதற்கு முன் நுழைந்திருக்க வேண்டும்.

தந்தையர் பட்டியல் யாரை விலக்கியது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. வியன்னாவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற ஹெர்ட்டா ஹெர்சாக், லாசர்ஸ்ஃபெல்டின் வானொலி ஆய்வுத் திட்டத்தில் பகல்நேரத் தொடர் நாடகங்களைக் கேட்கும் பெண்களை நேர்கண்டு, அவர்கள் அவற்றிலிருந்து பெறுவது என்ன என்று வினவினார். ஊடகம் மக்களுக்கு என்ன செய்கிறது என்னும் வினாவுக்கு மாற்றாக, மக்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்கின்றனர் என்னும் வினாவுக்கு அவ்வாய்வு முன்னோடி. கணிதரான லாசர்ஸ்ஃபெல்டைவிட ஹெர்சாகின் பயிற்சி இத்துறைக்கு நெருக்கமானது. ஆயினும் 1943இல் அவர் விளம்பர நிறுவனமொன்றில் சேர்ந்தார். தந்தையர் வரிசையில் தாய்க்கு இடமில்லை. ரோஜர்ஸின் நூலும் தனி இயல்களை ஆண் அறிஞர்களுக்கே ஒதுக்குகிறது. பின்புலப் பன்மையைப் போற்றும் நூல் என்பதால் இக்குறை கூடுதலாக உறுத்துகிறது.

ஷ்ராம்: இலக்கியப் பட்டமும் வாஷிங்டன் மேசையும்

நாற்காலியில் உண்மையாகவே அமர்ந்தவர் வில்பர் ஷ்ராம். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெலோவின் 'ஹியாவதா' நெடும்பாட்டைப் பற்றி ஆய்ந்து அயோவாவில் 1932இல் முனைவரானவர், பின்னாளில் உலகப்புகழ் பெற்ற அயோவா எழுத்தாளர் பயிலரங்கின் முதல் இயக்குநர், சிறுகதைக்காக ஓ. ஹென்றி பரிசு பெற்றவர். இளமை முதல் திக்குவாய்க் குறை உடையவர். ரோஜர்ஸ் இச்செய்திகளைச் சுவைபடச் சொல்கிறார். பேசத் தடுமாறியவர் பேச்சை ஆராயும் துறையைக் கட்டினார் என்பதில் கதைக்குரிய அழகு இருப்பது உண்மை. ஆனால் அழகிய கதை ஆய்வுக்குப் போதிய விளக்கமாகிவிடாது.

ஷ்ராமின் இலக்கியப் பயிற்சி அவர் கட்டிய துறையில் எங்கே தெரிகிறது? தேடுபவர் ஏமாற்றமடைவார். 1943இல் அயோவா இதழியல் பள்ளியின் தலைமையை ஏற்று அவர் தொடங்கிய முனைவர் பட்டத் திட்டத்தின் உள்ளடக்கம் சமூக அறிவியல் முறைகள். 1947இல் இல்லினாய்ஸில் அவர் நிறுவிய தொடர்பியல் ஆய்வு நிறுவனமும் அவ்வாறே. பயிலரங்கில் சிறுகதையின் ஒவ்வொரு வாக்கியத்தையும் எடைபோட்டவர், அந்த நுண்வாசிப்பைச் செய்தித்தாளின் மீதோ வானொலி உரையின் மீதோ செலுத்தும் மரபொன்றைத் தோற்றுவிக்கவில்லை.

இடையில் நிகழ்ந்தது போர். 1941 இறுதி முதல் 1943 வரை வாஷிங்டனில் அரசின் போர்க்காலத் தகவல் அலுவலகங்களில் ஷ்ராம் பணியாற்றினார். மக்களின் மனவுறுதியைக் காப்பது, செய்தியின் விளைவை அளப்பது, அதற்கேற்பச் செய்தியை வடிப்பது என்பனவே அங்குள்ள அன்றாடச் சிக்கல்கள். சமூகவியலாரும் உளவியலாரும் ஒரே மேசையில் அமர்ந்து பணிபுரிந்ததும் அங்கேதான். அயோவாவுக்குத் திரும்பிய ஷ்ராமின் கையில் இருந்தது இலக்கியத் திட்டமன்று. அந்த மேசையின் மாதிரி. ஆக, அவரது முனைவர் பட்டம் பத்தாண்டுக்கு மேற்பட்ட பின்புலம். அவரது துறைக்கு உண்மைப் பின்புலம் ஏறக்குறைய ஈராண்டு அலுவலக வாழ்க்கை.

நிர்வாக உறவும் கருதத்தக்கது. 1946இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத் தலைவரான ஜார்ஜ் ஸ்டாடர்ட், அதற்கு முன் அயோவாவில் லெவின் பணிபுரிந்த அதே குழந்தை நல ஆய்வு நிலையத்தை நடத்தியவர். அவர் அறிந்திருந்த ஷ்ராம் அடுத்த ஆண்டே இல்லினாய்ஸ் வந்தார். 1953இல் அறங்காவலர்கள் ஸ்டாடர்டைப் பதவி விலகச் செய்தனர். 1955இல் ஷ்ராம் ஸ்டான்ஃபோர்டுக்குப் பெயர்ந்தார். ஒரு துறை எங்கே பிறந்தது என்பதைப் பட்டங்களின் பட்டியலைவிட இத்தகைய தேதிகள் தெளிவாகக் காட்டக்கூடும்.

நான்கு கோட்பாடுகள், மூன்று கைகள்

இல்லினாய்ஸ் பல்கலைக்கழக அச்சகம் 1956இல் வெளியிட்ட 'பத்திரிகையின் நான்கு கோட்பாடுகள்' நூல் பின்புலம் பற்றிய வினாவுக்கு நல்ல உரைகல். மூவர் எழுதியது. சட்டம் பயின்றவரும் இங்கிலாந்தின் பத்திரிகைச் சுதந்திர வரலாற்றை 1952இல் விரிவாக எழுதியவருமான ஃபிரெட் சீபர்ட், அதிகாரக் கோட்பாட்டையும் தாராளவாதக் கோட்பாட்டையும் எழுதினார். இதழ்களின் வரலாற்றாசிரியரான தியோடர் பீட்டர்சன் சமூகப் பொறுப்புக் கோட்பாட்டை எழுதினார். எஞ்சிய சோவியத் கோட்பாடு ஷ்ராமின் பங்கு.

முதல் இரு இயல்களில் ஆசிரியரின் பின்புலம் பக்கந்தோறும் தெரிகிறது. உரிமம், தணிக்கை, அவதூறு வழக்கு எனச் சட்ட வரலாற்றின் அடுக்குகளைக் கொண்டே சீபர்ட் வாதிக்கிறார். சோவியத் இயலில் அத்தகைய அடித்தளம் இல்லை. ஷ்ராம் ருசிய வரலாற்றில் பயிற்சி பெற்றவரல்லர். வட கொரியர் சியோலைக் கைப்பற்றியதைப் பற்றிய நூலொன்றை 1951இல் ஜான் ரைலியுடன் சேர்ந்து எழுதியவர். பனிப்போரின் தொனி அந்த இயலில் ஒலிப்பதில் வியப்பில்லை. இந்நூலின் நான்கு கோட்பாடுகளும் உண்மையில் தாராளவாதம் என்னும் ஒரே நிலையிலிருந்து பார்க்கப்பட்டவை என 1995இல் மறுவிமர்சனம் வெளிவந்தது. அதை எழுதியவர்களும் இல்லினாய்ஸ் வட்டத்தினரே என்பது அந்நிறுவனத்திற்குப் பெருமை சேர்ப்பது. இந்திய இதழியல் பாடத்திட்டங்களில் இந்த நான்கு கோட்பாடுகள் இன்றும் மனப்பாடப் பகுதியாகவே நீடிக்கின்றன. எழுதிய மூவரின் பின்புலத்தைத் தேர்வுத்தாள் கேட்பதில்லை.

பொருளியலாளர் இருவர், பாடம் ஒன்று

பின்புலம் எதையும் தீர்மானிப்பதில்லை என்று இதுவரை சொன்னவற்றிலிருந்து முடிவுகட்டுவது பிழையாகும். டல்லாஸ் ஸ்மைத்தின் நேர்வு அதற்கு எதிரானது. கனடாவில் 1907இல் பிறந்து, பெர்க்லியில் 1937இல் பொருளியல் முனைவரான ஸ்மைத், 1943 முதல் 1948 வரை அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்தின் தலைமைப் பொருளியலாளராக இருந்தார். அலைவரிசை உரிமம் யாருக்கு வழங்கப்படுகிறது, தொலைபேசி நிறுவனம் எவ்வளவு ஈட்டுகிறது என்னும் கணக்குகளை உள்ளிருந்து பார்த்தவர். இடதுசாரிச் சார்பினர் என்று கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் கண்காணிப்புக்கு உள்ளானவரும்கூட. 1948இல் இல்லினாய்ஸ் வந்து தொடர்பின் அரசியல் பொருளியலைப் பாடமாக்கினார்.

ஷ்ராமும் ஸ்மைத்தும் ஒரே போர்க்கால வாஷிங்டனிலிருந்து ஒரே நிறுவனத்திற்கு வந்தவர்கள். இருவரும் அரசு ஊழியம் செய்தவர்கள். ஆனால் ஒருவர் செய்தியின் விளைவை அளக்கும் அலுவலகத்திலிருந்தும், மற்றவர் செய்தியை அனுப்பும் நிறுவனங்களின் வரவுசெலவைத் தணிக்கும் அலுவலகத்திலிருந்தும் வந்தனர். துறை இரண்டாகப் பிளவுபடும் கோடு அங்கேயே வரையப்பட்டுவிட்டது. 'அரசுப் பணி' என ஒரே சொல்லால் சுட்டுவதும் 'பொருளியல்' என ஒரே சொல்லால் சுட்டுவதும் தனித்தனியே போதாதவை. இரண்டும் கூடும் இடத்திலேயே ஸ்மைத்தின் பாடம் விளங்கும். பார்வையாளரின் கவனமே விளம்பரதாரருக்கு விற்கப்படும் சரக்கு என்று 1977இல் அவர் முன்வைத்த கருத்து, ஒலிபரப்பு நிலையங்களின் கணக்கைப் படித்த கண்ணுக்கே முதலில் புலப்படக்கூடியது.

1963இல் ஸ்மைத் கனடா திரும்பியபோது அவரது பாடத்தை ஏற்றவர் ஹெர்பர்ட் ஷில்லர். அவரும் பொருளியலாளர், இல்லினாய்ஸின் பொருளியல் ஆய்வுப் பிரிவில் இருந்தவர், தொடர்பியலில் முறையான பயிற்சி இல்லாதவர். பாடத்தைக் கற்பித்துக்கொண்டே துறையைக் கற்றார் எனலாம். 1969இல் வெளிவந்த 'வெகுசனத் தொடர்புகளும் அமெரிக்கப் பேரரசும்' அக்கற்பித்தலின் விளைவு. ரோஜர்ஸின் நூலில் ஸ்மைத்துக்கோ ஷில்லருக்கோ தனி இயல் இல்லை. பின்புலப் பன்மை என்பது அளவீட்டு முறைக்குள் அடங்கும் பன்மையாக இருக்கும்வரையே அந்நூலுக்கு உவப்பானது.

ஆஸ்குட், கெர்ப்னர்

சார்லஸ் ஆஸ்குட் பற்றி நீள எழுத வேண்டியதில்லை. யேலில் பயின்ற உளவியலாளர். நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1957இல் வந்த 'பொருளின் அளவீடு' நூலில் நல்லது–தீயது போன்ற எதிர்ச்சொல் இணைகளுக்கிடையே ஏழு புள்ளிகளை இட்டு, சொற்பொருளை அளக்க முயன்றவர். உளவியல் துறையிலேயே இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பார்.

ஜார்ஜ் கெர்ப்னர் வேறுவகை. புடாபெஸ்ட்டில் பிறந்து, ஐரோப்பாவில் பாசிசம் பரவியபோது வெளியேறி, அமெரிக்காவில் இதழியல் பயின்று, சிறிது காலம் செய்தியாளராக இருந்து, போரில் உளவுப் பிரிவில் பணியாற்றி, பிறகே முனைவர் பட்டம் பெற்று 1956இல் இல்லினாய்ஸ் வந்தவர். பட்டங்களின் பட்டியல் இவற்றுள் பாதியைச் சொல்லாது. இளமையில் அவருக்கு ஈடுபாடு நாட்டார் வழக்காற்றில். 1964இல் பென்சில்வேனியாவுக்குச் சென்ற பின், தொலைக்காட்சி வன்முறையைக் கணக்கிடும் பெருந்திட்டத்தை நடத்தியபோதும், தொலைக்காட்சியை ஒரு கதைசொல்லி என்றே அவர் வருணித்தார். ஊரும் பாட்டியும் சொன்ன கதைகளை இப்போது விற்பனைப் பொருளுடையோர் சொல்கின்றனர் என்பது அவரது கவலை. இங்கே பட்டமாகப் பதிவாகாத ஒரு பின்புலம் எண்களுக்கு அடியில் தொடர்கிறது. ஷ்ராமிடம் மறைந்துபோன இலக்கியம் கெர்ப்னரிடம் நாட்டார் கதையாகத் திரும்பியது.

உள்ளே பயின்றவர் வெளியே சென்றார்

1963இல் அதே இல்லினாய்ஸில் முனைவரான ஜேம்ஸ் கேரியை இவ்வரிசையில் வைக்கும்போது வாதம் திரும்புகிறது. அவர் வேற்றுத்துறையிலிருந்து வந்தவரல்லர், இத்துறை பெற்றெடுத்தவர். 'தூய' தொடர்பியல் பின்புலம் உடைய ஆசிரியர் துறையின் எல்லைகளை இறுக்குவார் என எதிர்பார்ப்பது இயல்பு. கேரி செய்தது நேர்மாறு. மெய்யியலில் ஜான் டூயியிடமும், பொருளாதார வரலாற்றில் ஹெரால்ட் இன்னிஸிடமும், மானிடவியலில் கிளிஃபர்ட் கீர்ட்ஸிடமும் சென்று, தொடர்பைச் செய்தி கடத்தலாக மட்டும் கருதும் நோக்குக்கு எதிராக, சமூகம் தன்னைத் தான் பேணிக்கொள்ளும் சடங்காகக் கருதும் நோக்கை 1975இல் முன்வைத்தார். பிற துறையிலிருந்து வந்த முன்னோர் தம் துறைகளைக் கழற்றி வைத்துவிட்டு அளவீட்டு முறையை ஏற்றபோது, உள்ளே பயின்றவர் அத்துறைகளைத் தேடிப் போனார்.

ரோஜர்ஸ் எழுதியதுபோன்ற முன்னோர் வரலாறுகளின் மீதும் கேரிக்கு ஐயம் இருந்தது. துறையின் வரலாறு பெரிதும் அதன் இருப்பை நியாயப்படுத்த எழுதப்பட்டது என்பது 1996இல் அவர் எழுதிய கட்டுரையின் நிலைப்பாடு. கிராமச் சமூகவியலில் பட்டம் பெற்றவர் ரோஜர்ஸ் என்பதையும், துறையின் வீட்டுப்பிள்ளை கேரி என்பதையும் இணைத்துப் பார்த்தால், வந்தவர் வம்சாவளி எழுதுவதும் பிறந்தவர் அதை ஐயுறுவதும் குடும்ப வழக்கம் போலவே தோன்றும்.

இந்திய விதிமுறையும் 'சார்புடைய பாடமும்'

இந்தியாவில் இவ்வினா வரலாற்று ஆர்வத்தோடு நிற்பதில்லை. பணி நியமனத்தைத் தொடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதழியல் கல்வி 1947இல் தொடங்கியது. இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965இல் புது தில்லியில் திறக்கப்பட்டது. தொடக்கத் தலைமுறை ஆசிரியர்கள் செய்தித் தொழிலிலிருந்தோ பிற துறைகளிலிருந்தோ வராமல் வேறெங்கிருந்தும் வந்திருக்க இயலாது. இன்று நிலை வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை, உதவிப் பேராசிரியர் பணிக்கு உரிய, தொடர்புடைய அல்லது சார்புடைய பாடத்தில் 55 விழுக்காட்டு மதிப்பெண்ணுடன் முதுகலைப் பட்டம் கேட்கிறது. தேசியத் தகுதித் தேர்வில் மக்கள் தொடர்பியலும் இதழியலும் தனிப்பாடம். 'சார்புடைய' என்னும் ஒரு சொல்லில் அனைத்தும் அடங்கியிருக்கிறது. தமிழ் முதுகலையில் இதழியலைத் தாளாகப் பயின்று, நாளிதழ் மொழியில் ஆய்வு செய்தவர் தொடர்பியலுக்குச் சார்புடையவரா? இலக்கியம் சார்புடையது என்றால் ஷ்ராமுக்கு இடமுண்டு. அன்று என்றால் இல்லை. பொருளியல் சார்புடையதல்ல என்றால் ஸ்மைத்தும் ஷில்லரும் வாயிலிலேயே திரும்ப வேண்டும். அவர்களோடு அவர்களது பாடமும்.

2022இல் மானியக் குழு அறிமுகப்படுத்திய 'தொழில்முறைப் பேராசிரியர்' ஏற்பாடு இதற்கு மாற்று எனக் கூறப்படலாம். அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல், முறையான கல்வித்தகுதியை வலியுறுத்தாது, குறைந்தது 15 ஆண்டு அனுபவமுடைய வல்லுநரை வரையறுத்த காலத்திற்கு அமர்த்த அது இடமளிக்கிறது. இவ்வளவுகோலையும் இல்லினாய்ஸ் பட்டியலின் மீது வைத்துப் பார்க்கலாம். பட்டம் பெற்றது முதல் இல்லினாய்ஸ் சேர்ந்தது வரை ஸ்மைத்தின் இடைவெளி முழுவதையும் பணி அனுபவமாகக் கொண்டாலும் 11 ஆண்டுகளே தேறும். ஷ்ராமின் வாஷிங்டன் காலம் இரண்டு. ஹெர்சாக் விளம்பரத் தொழிலுக்குள் நுழைந்த 1943இலிருந்து கணக்கிட்டால், 1958இல் அவர் தகுதி பெற்றிருப்பார்.